காலண்டர் சாமிக்கு முகம் கொடுத்தவர்: கோவில்பட்டி கொண்டையராஜுவும் ஒளி பதிந்த தகடும்

கஜலட்சுமி என்றதும் மனசுல என்ன படம் வருது? தாமரை மேல் லட்சுமி, இரண்டு பக்கமும் யானைகள், சிவப்புப் பட்டு, பளபளக்கும் நகைகள், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். பல பேருக்கு அந்த முகம் கோவில் சிலையில் பார்த்த முகமாக இருக்காது. மளிகைக்கடையோ ஜவுளிக்கடையோ கொடுத்த காலண்டரில் பார்த்து, பிறகு கண்ணாடி போட்டுப் பூஜையறையில் மாட்டிய முகமாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இப்படி நிலைத்துப்போன சாமி முகங்களில் கணிசமானவை கோவில்பட்டியில் வரையப்பட்டவை. வரைந்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). கூடவே அவருடைய சீடர்கள். படத்தைத் தெரிந்த அளவுக்குப் பெயரைத் தெரிந்தவர்கள் இல்லை.

நாடகத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்த ஒருவரின் படம் எப்படி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது? அதுக்குப் பதில் பாதி அவருடைய கையில் இருக்கிறது. மீதிப் பாதி, வெளிச்சம் பட்டால் கெட்டியாகும் ஒரு பூச்சில் இருக்கிறது.

மெட்ராஸில் பயின்ற கை

கொண்டையராஜு 1898-ல் மெட்ராஸில் பிறந்தார். அப்போது அந்த ஊரில் ஓவியம் முறையாகக் கற்க ஒரு பெரிய இடம் இருந்தது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளி. பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரி ஆனதும் அதுதான். ஐரோப்பிய முறையில் உடலின் அளவுகள், நிழல் விழும் விதம், தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டும் கணக்கு எல்லாம் அங்கே பாடம். கொண்டையராஜு அங்கே படித்தார்.

அவர் பள்ளியில் சேர்ந்த காலத்தில் இந்தியாவின் சாமி படங்களுக்கு ஒரு புது இலக்கணம் ஏற்கெனவே வந்துவிட்டது. ராஜா ரவிவர்மா 1906-ல் காலமாகிவிட்டார். ஆனால் 1894-ல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. தேவியருக்கு மனிதப் பெண்ணின் உடலும், சேலையின் மடிப்பும், முகத்தில் உணர்ச்சியும் வந்துசேர்ந்தது அந்தப் படங்களில்தான்.

படித்து முடித்தவர் நேராக ஓவியராகப் பேர் எடுத்துவிடவில்லை. சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை எளிமையாக வாழ்ந்தவர். பிழைப்புக்குக் கைகொடுத்தது நாடகம். திரைச்சீலை வரைபவராக நாடகக் கம்பெனியோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனார்.

திரைச்சீலையில் என்ன இருக்கு?

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக்குப் பிறகு தமிழ் நாடக மேடையில் திரைச்சீலை இல்லாமல் நாடகமே இல்லை. தர்பார் ஒரு சீலை, காடு ஒரு சீலை, தெரு ஒரு சீலை, கைலாயம் ஒரு சீலை. காட்சி மாறினால் சீலை உருண்டு மேலே போகும், அடுத்தது இறங்கும். மேடை விளக்கில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தூண் தூணாகத் தெரியணும், மலை மலையாகத் தெரியணும்.

இந்த வேலை சில பழக்கங்களைக் கைக்குக் கொடுக்கும். உருவம் நடுவில், நேர் முகமாக இருக்கும். பின்னணி ஆழமாகப் போகும். சிக்கலான முகபாவத்தைவிடத் தெளிவான கோடு முக்கியம். பிற்காலத்துக் காலண்டர் படங்களை எடுத்துப் பார்த்தால், சாமி ஒரு மேடையில் நின்று சபையைப் பார்ப்பது மாதிரியே இருக்கும். பின்னாடி மண்டபம், தூண்கள், வானம். மேடைக் கணக்கு அப்படியே வந்திருக்கிறது.

ஆனால் சீலைக்கு ஒரு எல்லை உண்டு. அன்று ராத்திரி கொட்டகைக்கு வந்தவர்கள் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். மழை, தூசி, அடிக்கடி உருட்டுவது என்று சீக்கிரம் தேய்ந்தும் போகும். சீலையில் நகல் கிடையாது. இன்னொன்று வேணும்னா இன்னொரு தடவை வரையணும்.

1931-ல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நடிகர்கள் பட உலகுக்குப் போனார்கள், கூட்டமும் போனது. வெள்ளைத் துணியில் விழும் ஒளிக்கற்றை, வண்ணச் சீலையின் இடத்தை எடுத்துக்கொண்டது. கம்பெனிகள் ஒன்றொன்றாகத் தள்ளாடின.

1942: கோவில்பட்டியில் நின்ற வண்டி

கொண்டையராஜு இருந்த நாடகக் கம்பெனி 1942-ல் கோவில்பட்டியில் கலைந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருஷம். நாற்பத்து நாலு வயசு. மெட்ராஸுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கூட இருந்த இளம் ஓவியர்களோடு அங்கேயே தங்கினார்.

கோவில்பட்டி அப்போது கரிசல் காட்டின் சந்தை ஊர். சுற்றிலும் பருத்தி, கம்பு, சோளம் விளையும் கறுப்பு மண். மழை பொய்த்தால் விவசாயம் பொய்க்கும். அதனால் பஞ்சாலை, தீப்பெட்டி என்று தொழில்கள் வேர் பிடித்த ஊர். பக்கத்து இடைசெவலில் இருந்துதான் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் எழுத வந்தார்கள். அவர்கள் எழுத்தில் கரிசல் பேசியது. அதே காலத்தில் அதே வட்டாரத்தில் இன்னொரு கூட்டம் சாமிகளுக்கு முகம் வரைந்துகொண்டிருந்தது.

டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம், செண்பகராமன் ஆகியோர் இந்த வட்டத்தில் வந்தவர்கள். தேவி ஆர்ட் ஸ்டுடியோ இவர்களுடைய கூடாரம் ஆனது. விளம்பரப் பலகை, கோவில் வேலை, உருவப்படம், போட்டோ ஸ்டுடியோவுக்குப் பின்னணிச் சீலை என்று வந்த வேலையெல்லாம் கற்றுக்கொள்ளும் இடமாக இருந்தது.

முதலில் போட்டோ

நாடகச் சீலைக்காரர்களுக்குப் போட்டோ ஸ்டுடியோ ஒரு இயல்பான அடுத்த படி. அந்தக் காலத்தில் கல்யாண ஜோடியோ, புதுசா வேலை கிடைத்த பையனோ ஸ்டுடியோவுக்குப் போனால், பின்னாடி மாடிப்படியும் தோட்டமும் வரைந்த சீலை தொங்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் பூசுவார்கள். நெகட்டிவில் பென்சில் கொண்டு முகத்தின் குறைகளைத் திருத்துவார்கள். ஓவியக் கையும் கேமராவும் ஒரே அறையில் இருந்த காலம்.

போட்டோ காகிதத்தில் நடப்பதும் மேற்பரப்பு வேதியியல்தான். ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கும். வெளிச்சம் பட்ட துகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றம் நடக்கும். டெவலப்பர் கரைசலில் போட்டால் அந்தத் துகள்கள் மட்டும் கறுப்பு வெள்ளியாக மாறும். பிறகு ‘ஹைப்போ’ கரைசலில், மாறாத உப்பைக் கழுவி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வெளியே கொண்டுவந்ததும் படம் முழுக்கக் கருத்துவிடும்.

இந்தக் கடைசிப் படியைக் கொஞ்சம் கவனிங்க. வெளிச்சத்தால் ஒரு பரப்பை மாற்றுவது பாதி வேலைதான். இனிமேல் வெளிச்சம் பட்டாலும் அது மாறாமல் நிற்க வைப்பதுதான் மீதிப் பாதி. அச்சுத் தகட்டிலும் இதே கதை வரும்.

ஏன் சிவகாசி?

கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாகப் போனால் சிவகாசி சுமார் 45 கி.மீ. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது அந்த ஊரின் வரலாற்றையே மாற்றியது. தீப்பெட்டிக்கு மேல் ஒட்ட லேபிள் வேண்டும். பட்டாசுக் கட்டுக்கும் லேபிள் வேண்டும். வெளியூரில் அச்சடித்துக் கொண்டுவருவதைவிட இங்கேயே அச்சடித்தால் என்ன என்ற கணக்கில் அச்சகங்கள் வந்தன. லேபிள் அடித்த இயந்திரம், அடுத்துக் காலண்டரும் அடித்தது.

வானிலையும் கைகொடுத்தது. வண்ணப் படம் என்றால் ஒரே காகிதம் இயந்திரத்துக்குள் பல தடவை போய்வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு நிறம். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் அதைக் குடித்துக் கொஞ்சம் விரியும். அப்புறம் நீலம் ஒரு இடத்திலும் சிவப்பு ஒரு இடத்திலும் விழும். சாமிக்கு இரண்டு மூக்கு தெரியும். மழை குறைந்த, வறண்ட காற்று வீசும் வட்டாரத்தில் இந்தத் தொல்லை குறைவு. மையும் சீக்கிரம் காயும். விவசாயிக்குச் சோதனையாக இருந்த அதே வறட்சி, தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் காகிதத்துக்கும் வசதியாக இருந்தது.

ஓவியம் எப்படித் தகடாகுது?

ரவிவர்மா அச்சகத்து முறையில், ஓவியத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து ஒவ்வொரு கல்லிலும் ஒரு கைவினைஞர் கையால் எழுத வேண்டும். கொழுப்பு கலந்த மையால் சுண்ணாம்புக் கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டுவார்கள். வரைந்த இடம் மையை வாங்கும், ஈரமான இடம் வாங்காது. 1790களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த லித்தோ முறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற அடுப்படி விஷயம்தான் அடிப்படை. ஆனால் ஓவியருக்கும் அச்சுக்கும் நடுவில் இன்னொருவரின் கை எப்போதும் இருந்தது.

அந்தக் கையின் இடத்தைப் பெருமளவு ஒளி எடுத்துக்கொண்டதுதான் போட்டோ லித்தோ. இதுக்கான ரசாயன அறிவு 1839-ல் ஆரம்பிக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் முங்கோ பான்டன், டைக்ரோமேட் உப்பு பூசிய காகிதம் வெயிலில் நிறம் மாறுவதைக் கவனித்தார். 1855-ல் பிரான்சின் அல்போன்ஸ் புவாத்வென், அந்த உப்பை முட்டை வெள்ளைக்கரு போன்ற புரதத்தோடு கலந்து கல்லில் பூசினால், வெளிச்சம் பட்ட இடம் மையை வாங்கும் என்று காட்டினார். நூறு வருஷம் கழித்தும் உலகம் முழுக்க ஆப்செட் அச்சகங்களில் இதே வேதியியல்தான் ஓடியது.

படிப்படியாகப் பார்த்தால் இப்படி இருக்கும்.

முதலில் ஓவியத்தைப் பெரிய கேமராவில் வண்ணக் கண்ணாடி வடிகட்டிகள் வழியாகப் படம் எடுப்பார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நிறத்துக்கு ஒரு நெகட்டிவ். கூடவே கட்டம் போட்ட ஒரு ‘ஸ்கிரீன்’ வைப்பதால் நிழல் எல்லாம் புள்ளிகளாக உடையும். அடர்ந்த இடத்தில் பெரிய புள்ளி, வெளிறிய இடத்தில் சின்னப் புள்ளி. கேமரா தப்பாகப் பிரித்த நிறத்தைக் கையால் திருத்துவதும் உண்டு.

இரண்டாவது, தகடு. துத்தநாகத் தகட்டின் மேல் மணலும் தண்ணீரும் போட்டு, கோலிக்குண்டுகளை உருள விட்டு ஆட்டுவார்கள். தகடு மிக நுண்ணிய சொரசொரப்பை அடையும். வழவழப்பான தகட்டில் தண்ணீர் நிற்காது, அதனால்தான் இந்தப் பாடு.

மூன்றாவது, பூச்சு. முட்டை வெள்ளைக்கருப் புரதமும் அம்மோனியம் டைக்ரோமேட்டும் கலந்த ஆரஞ்சு நிறக் கரைசலைத் தகட்டில் ஊற்றிச் சுழற்றி, மெல்லிய படலமாகக் காய வைப்பார்கள். கலக்கியதும் வேலையை முடித்துவிட வேண்டும். இந்தப் பூச்சு இருட்டில் இருந்தாலும் மெல்ல மெல்லக் கெட்டியாகும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. சித்திரை வெயில் அடிக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

நான்காவது, வெளிச்சம். நெகட்டிவைத் தகட்டோடு இறுக்கி ஒட்டவைத்து, கார்பன் ஆர்க் விளக்கைச் சில நிமிஷம் காட்டுவார்கள். நெகட்டிவில் தெளிவாக இருக்கும் புள்ளிகள் வழியாக மட்டும் ஒளி பூச்சைத் தொடும். ஒளி தொட்ட இடத்தில் டைக்ரோமேட்டில் இருக்கும் குரோமியம், எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு வேறு நிலைக்கு மாறுகிறது. அந்தப் புது நிலைக் குரோமியம், பக்கத்துப் பக்கத்துப் புரதச் சங்கிலிகளைப் பிடித்து முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்த புரதம் இனி தண்ணீரில் கரையாது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளில் குரோமியம் தோலைப் பதப்படுத்துவதும் இதே மாதிரி முடிச்சால்தான்.

ஐந்தாவது, கழுவுதல். தகடு முழுக்க மை தேய்த்துத் தண்ணீரில் கழுவினால், ஒளி படாத பூச்சு கரைந்து மையையும் கொண்டுபோய்விடும். ஒளி பட்ட புள்ளிகள் மட்டும் மையோடு நிற்கும். திறந்துகிடக்கும் துத்தநாகத்தின் மேல் அச்சகத்தார் ‘கம்’ என்று சொல்லும் அரபுக் கோந்தைத் தடவுவார்கள். கரிசல் காட்டு வேலமரத்தின் உறவுக்கார மரம் ஒன்றின் பிசின் அது. உலோகத்தில் மெல்லியதாக ஒட்டிக்கொண்டு, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

இப்போது ஒரே தகட்டில், ஒரே மட்டத்தில், இரண்டு குணம். ஒரு இடம் மையை இழுக்கும், பக்கத்து இடம் தண்ணீரை இழுக்கும். நடுவில் இருக்கும் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. இயந்திரத்தில் தண்ணீர் உருளையும் மை உருளையும் மாறி மாறி ஓடி, தகட்டிலிருந்து ரப்பர்த் துணிக்கும் அதிலிருந்து காகிதத்துக்கும் படம் போகும். பல்லாயிரம் தாள் ஓடும்வரை அந்த எல்லைக்கோடு குலையக் கூடாது. குலைந்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மை ஏறும், லட்சுமியின் கன்னம் அழுக்காகும்.

நாடகச் சீலைக்கு இல்லாத நகல், இந்த எல்லைக்கோட்டால் கிடைத்தது.

அச்சுக்காக வரைந்த கை

1940களின் பிற்பகுதியிலிருந்து கொண்டையராஜுவின் வட்டம் காலண்டர் படங்களை வரையத் தொடங்கியது. 1950களிலும் 60களிலும் அந்த வேலை உச்சத்தில் இருந்தது. மீனாட்சி கல்யாணம், கஜலட்சுமி, முருகன், சரஸ்வதி, ராமர் பட்டாபிஷேகம் என்று வரிசை நீண்டது.

மீனாட்சி கல்யாணத்தை எடுத்துக்கொள்ளலாம். பெருமாள் தங்கையின் கையைப் பிடித்துச் சிவனிடம் கொடுக்கும் காட்சி. மதுரை மீனாட்சி அம்மன் கோவில் தூணில் இது கல்லாக நிற்கிறது. கோவிலுக்குப் போன எவருக்கும் தெரியும். கொண்டையராஜு அந்த அமைப்பை மாற்றவில்லை. யார் எங்கே நிற்பது, கை எப்படி இருப்பது எல்லாம் மரபுப்படியே. அதன்மேல் ஓவியப் பள்ளியில் கற்ற தசையும் நிழலும், மேடையில் கற்ற வெளிச்சமும் சேர்ந்தன. கல்லில் உறைந்திருந்த மீனாட்சிக்கு வெட்கம் வந்தது.

அச்சு வேறு சில கட்டாயங்களையும் வைத்தது. காலண்டருக்கு நாலு நிறப் புள்ளிகள்தான் கருவி. தங்க மை தனியாக இல்லாவிட்டால், தஞ்சாவூர் ஓவியம் மாதிரி தங்க ரேக்கை ஒட்ட முடியாது. பிறகு நகை எப்படி மின்னுது? மஞ்சளுக்குப் பக்கத்தில் அடர் பழுப்பு, அதன் நடுவில் ஒரு துளி வெள்ளை. அவ்வளவுதான். கண் அதைத் தங்கம் என்று எடுத்துக்கொள்ளும். உலோகம் இல்லாமல் உலோகத்தைக் காட்டும் இந்த வித்தையில் கோவில்பட்டிக் கைகள் கெட்டி.

படங்கள் சிவகாசியில் அச்சாகி, அடியில் கடைப் பெயர் சேர்ந்து ஊர் ஊராகப் போயின. இன்றும் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடும் வழக்கம் இருக்கிறது. ஆல்பத்தைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு சாமியைத் தேர்ந்தெடுப்பார். அவருடைய வாடிக்கையாளர் வீட்டில் அந்த முகம் ஒரு வருஷம் தொங்கும். பிடித்துப்போனால் தேதித் தாள் தீர்ந்த பிறகும் தொங்கும்.

கோவிலுக்குள் எல்லோரும் போக முடியாமல் இருந்த காலத்தின் நினைவு அப்போது பழசாகவில்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் தடையை உடைத்து ஆலயப் பிரவேசம் நடந்ததே 1939-ல்தான். காசு கொடுத்து வாங்காமலேயே, யாருடைய அனுமதியும் கேட்காமல், ஒரு மீனாட்சி எந்தத் தெருவிலும் எந்தச் சுவரிலும் வந்து நின்றாள். இது சின்ன மாற்றம் இல்லை.

ஒரு படம், இரண்டு பெயர்

அந்தக் காலத்துப் பல அச்சுப் படங்களின் ஓரத்தில் இரண்டு பெயர் சேர்ந்து இருக்கும். கொண்டையராஜுவும், கூட வேலை செய்த சீடரும். சுப்பையாவின் பெயரோடு சேர்ந்து வந்த படங்கள் நிறைய. குருவின் பெயர் இருந்தால் படத்துக்கு மதிப்பு. சீடரின் பெயர் இருந்தால் அவருக்கு அடுத்த வேலை. சீடர்கள் பிறகு தனித்தனியாகக் காலண்டர் ஓவியர்களாகப் பேர் எடுத்தார்கள். கோவில்பட்டி ஒரு ஓவியர் ஊராக ஆனது இப்படித்தான்.

ஆனால் அச்சு தந்ததற்கு ஒரு விலை உண்டு. தகடு தயாரானதும் மூல ஓவியத்தின் வேலை முடிந்தது. அச்சகத்துக்கு அது ஒரு கச்சாப் பொருள். பிரபலமான ஒரு முகத்தை இன்னொருவர் பார்த்து வரைவதும், அதை மூன்றாமவர் அச்சடிப்பதும் காலண்டர் உலகில் சகஜம். ஒளி எதை வேண்டுமானாலும் நகலெடுக்கும், ஓரத்தில் இருக்கும் பெயரை மட்டும் வெட்டிவிட்டு நகலெடுக்கவும் முடியும்.

கலை உலகமும் ரொம்ப நாள் இதைக் கண்டுகொள்ளவில்லை. காலண்டர் படம் என்றால் மட்டம் என்ற எண்ணம் இருந்தது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் கோவில்பட்டி ஓவியர்களை ஆராய்ந்து, 1995-ல் வெளியான கட்டுரையில் கொண்டையராஜுவை ஒரு நவீன ஆசானாக முன்வைத்த பிறகுதான் கல்விப் புலத்தில் அவர் பெயர் பரவலாக அடிபட்டது. அமெரிக்கப் பேராசிரியர் எச். டேனியல் ஸ்மித் திரட்டிய இந்தியச் சாமி படங்கள் இன்று சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் காப்பகமாக இருக்கின்றன. இங்கே தை பிறந்ததும் பழைய பேப்பர்க்காரரிடம் போகும் தாள், அங்கே குளிரூட்டிய அறையில் இருக்கிறது.

தகட்டின் இன்னொரு விலை

தகட்டை உருவாக்கிய வேதியியல் அங்கே கையால் வேலை செய்தவர்களுக்கு நல்லது செய்யவில்லை. டைக்ரோமேட்டில் இருக்கும் ஆறாம் இணைதிறன் குரோமியம் தோலில் ஆறாத புண் உண்டாக்கும். நீண்ட நாள் சுவாசித்தால் புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்பது உறுதியான விஷயம். உலகம் முழுக்கத் தகட்டு அறைகளில் கையுறை இல்லாமல் இந்தக் கரைசலைத் தொட்டவர்கள் இருந்தார்கள். காலண்டரில் ஓவியர் பெயராவது ஓரத்தில் இருந்தது. தகடு போட்டவர் பெயர் எங்கேயும் இல்லை.

பிறகு முறை மாறியது. ஏற்கெனவே பூச்சு ஏற்றிய அலுமினியத் தகடுகள் வந்தன. டயசோ வகைச் சேர்மங்கள் குரோமியத்தின் இடத்தைப் பிடித்தன. இருட்டிலே தானாகக் கெட்டியாகும் தொல்லை குறைந்தது, தகட்டை மாதக்கணக்கில் வாங்கி வைக்க முடிந்தது. இன்று நெகட்டிவே இல்லை. கணினியிலிருந்து லேசர் நேராகத் தகட்டில் புள்ளி போடுகிறது. கொள்கை மட்டும் மாறவில்லை. ஒளி தொட்ட இடமும் தொடாத இடமும் வேறு வேறு குணத்தோடு நிலைத்து நிற்க வேண்டும்.

உங்க கையில் இருக்கும் போனிலும்

இதே கொள்கை, இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனுக்குள்ளும் இருக்கிறது. 1950களில் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனம் அச்சுத் தகடு, சர்க்யூட் பலகைகளுக்காக, ஒளி பட்டால் கெட்டியாகும் ஒரு பாலிமர்ப் பூச்சை விற்றது. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் ஜே லாத்ராப், ஜேம்ஸ் நால் என்ற இருவர் 1950களின் இறுதியில் அந்தப் பூச்சைக் குறைக்கடத்தியில் தடவி டிரான்சிஸ்டர் செய்தார்கள். அச்சுத் தொழிலின் பெயரையே கடன் வாங்கிப் போட்டோ லித்தோகிராபி என்று பெயரும் வைத்தார்கள். இன்று சிப் தொழிற்சாலைகளில் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளிவரை போய்விட்டார்கள். பூச்சு, ஒளி, கழுவுதல் என்ற வரிசை அதேதான்.

கொண்டையராஜுவின் காலத்தில் இந்த இரண்டு பாதைகளும் ஒரே வேரிலிருந்து பிரிந்துகொண்டிருந்தன. ஒன்று கலிபோர்னியாவுக்குப் போனது. இன்னொன்று கரிசல் காட்டில் லட்சுமியின் முகமாக வந்தது.

மங்கிப்போகும் சாமி

கொண்டையராஜு 1976-ல் காலமானார். மெட்ராஸில் பிறந்தவருக்குக் கோவில்பட்டியே கடைசிவரை ஊராகிப்போனது. நாடகக் கம்பெனி கலைந்த ஊரில் முப்பத்து நாலு வருஷம் இருந்திருக்கிறார்.

அவர் விட்டுப்போனதில் பெரும்பகுதி காகிதம். காகிதத்துக்கு எதிரி, அதைப் பிறப்பித்த அதே வெளிச்சம். தகட்டில் சில நிமிஷம் பட்ட ஒளி புள்ளிகளைக் கட்டிப்போட்டது. சுவரில் வருஷக்கணக்கில் படும் வெயில் மையின் நிறமிகளை உடைக்கிறது. மஞ்சளும் சிவப்பும் பொதுவாக முதலில் போகும். அச்சில் பயன்படும் நீல நிறமி வெயிலைத் தாங்குவதில் கெட்டி. அதனால்தான் ஜன்னல் ஓரத்தில் மாட்டிய பழைய படத்தில் லட்சுமியின் சிவப்புப் பட்டு வெளிறி, படம் முழுக்க நீலம் பாய்ந்து தெரியும். சாமி நிறம் மாறவில்லை, மற்ற மைகள் போய்விட்டன.

வீட்டில் தாத்தா பாட்டி காலத்து ஃபிரேம் போட்ட சாமி படம் இருந்தால், ஒரு தடவை கீழ் ஓரத்தைப் பாருங்க. பொடி எழுத்தில் கொண்டையராஜு என்றோ, கூடவே இன்னொரு பெயரோ இருக்கலாம். இருந்தால், ஓரத்தை வெட்டாமல் ஒரு நல்ல போட்டோ எடுத்து வையுங்க. பிறகு படத்தை வெயில் நேராகப் படாத சுவருக்கு மாற்றுங்க. தகட்டை என்றைக்கோ சுரண்டி வேறு படத்துக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். மூல ஓவியம் எங்கே என்று யாருக்கும் தெரியாமலும் போயிருக்கலாம். அப்படியான படங்களுக்கு, பூஜையறையில் இருக்கும் அந்தத் தாள்தான் மிச்சம்.